முப்பத்தெட்டு பேர் விட்ட மூச்சு

என்னை எங்க தெருவுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. "கூலிங்"னுதான் கூப்பிடுவாங்க. நான் ஏசி மெக்கானிக். பதினாறு வருஷமா போற இடமெல்லாம் நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "கதவைச் சாத்துங்க, கூலிங் போயிடும்." கடைக்குப் போனா சொல்லுவேன், ஆஸ்பத்திரிக்குப் போனா சொல்லுவேன். என் மச்சான் கல்யாணத்துல, பொண்ணு மண்டபத்துக்குள்ள காலடி எடுத்து வைக்கிற நேரம் பார்த்து வாசல்ல நின்னு சொல்லித் தொலைச்சேன். அன்னையிலிருந்து மச்சான் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. போகட்டும், அவன் வீட்டு ஏசி ரிப்பேராகாமலா இருக்கும்.

என் வீட்டுக்காரி எனக்கு நேர் எதிர். அவ பஸ் கண்டக்டர். மழை வந்தா பஸ்ல எல்லாரும் ஜன்னலை இறக்கி விட்டுடுவாங்க. அறுபது பேர் விட்ட மூச்சை இவ ஒருத்தி ஷிஃப்ட் முடியற வரைக்கும் இழுத்துக்கிட்டு டிக்கெட் கிழிக்கணும். அதனால வீட்டுக்குள்ள வந்ததும் தோள்ல இருக்கிற பையைக்கூட இறக்கி வைக்காம நேரா ஜன்னலைத் திறக்கத்தான் போவா. நான் பின்னாடியே போய்ச் சாத்துவேன். அவ திறப்பா, நான் சாத்துவேன். பத்து வருஷத்துல எங்க வீட்டு ஜன்னல் கொக்கி மட்டும் நாலு தடவை மாத்தியாச்சு. சண்டைன்னு சொல்ல முடியாது, உடற்பயிற்சின்னு வெச்சுக்கலாம்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. மூணாங் கிளாஸ் படிக்கிறா. வீட்டுல வாண்டுன்னு கூப்பிடுவோம். உக்காந்த இடத்துல அஞ்சு நிமிஷம் இருந்ததா சரித்திரமே கிடையாது.

என் தொழில்ல நான் செஞ்ச பெஸ்ட் வேலை எதுன்னு போன மாசம் கேட்டிருந்தா, வாண்டு ரெண்டாங் கிளாஸ்லேயிருந்து படிக்கிற கிளாஸ் ரூமைத்தான் காட்டியிருப்பேன். போன வருஷம் அவ கிளாஸ் பையன் ஒருத்தனோட அப்பா கடையை மூடும்போது ஏசியை ஸ்கூலுக்குக் கொடுத்துட்டார். மாட்டற வேலையை நான் சும்மாவே செஞ்சு தர்றேன்னு முன்னாடி போய் நின்னேன். அந்த ரூம்ல மொத்தம் நாலு ஜன்னல். ரெண்டு ரோட்டுப் பக்கம், எதிர்ல லாரி பட்டறை. ரெண்டு பின்னாடி மைதானத்துப் பக்கம், அங்கே ஒரு பெரிய மரம். நாலையும் சாத்தி, சந்து சந்தா சிலிக்கான் பசை அடிச்சேன். மேல இருந்த வெண்டிலேட்டரை தெர்மகோல் வெச்சு அடைச்சேன். கதவுக்கு அடியில ரப்பர் பட்டை. ஈ எறும்பு நுழையாது. வேலை முடிஞ்சதும் டிஷ்யூ பேப்பரை நீளமா கிழிச்சு ஜன்னல் ஓரமா பிடிச்சுக் காட்டினேன். பேப்பர் அசையல. பிள்ளைங்க கை தட்டினாங்க. எனக்கு உள்ளுக்குள்ள அப்படியே ஜில்லுனு இருந்துச்சு.

ஹெச்.எம் மேடம் சந்தோஷத்துல ஒரு போர்டே எழுதி மாட்டிட்டாங்க. "இவ்வகுப்பறையின் குளிர்: திரு. கூலிங் அவர்களின் அன்பளிப்பு." என் நிஜப் பேரைக் கேக்கணும்னு அவங்களுக்குத் தோணல, சொல்லணும்னு எனக்கும் தோணல. கதவு மேல நானே சிவப்பு பெயிண்ட்ல எழுதி வெச்சேன்: "திறந்தால் கூலிங் போய்விடும். உடனே சாத்தவும்."

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது இருமல். திங்கட்கிழமை முதல் பெஞ்சுல ஒருத்தன் தும்மினா வெள்ளிக்கிழமைக்குள்ள கடைசி பெஞ்சுக்கு டெலிவரி ஆயிடும். அங்கேயிருந்து வீட்டுக்கு பார்சல். வாண்டு கொண்டு வர்ற சளி முதல்ல எனக்கு, என்கிட்டேயிருந்து அவ அம்மாவுக்கு, அம்மாகிட்டேயிருந்து பஸ் டிரைவருக்கு, டிரைவர்கிட்டேயிருந்து அந்த ரூட்டுக்கே. எங்க வீட்டுல கைக்குட்டை காயற கொடியில வேற துணிக்கு இடமே இல்ல. எங்களுக்கெல்லாம் நாலு நாள்ல சரியாயிடும். வாண்டுக்கு மட்டும் அது நெஞ்சுல இறங்கி வீசிங்கா மாறிடும். மூச்சு விட்டா கீ கீன்னு சத்தம். டாக்டர் வாயில வெச்சு இழுக்கிற பஃப் மருந்து கொடுத்தார். கொடுத்துட்டு, "பிள்ளை பகல் முழுக்க அடைச்ச ரூமுக்குள்ளயே இருக்காளா?"ன்னு கேட்டார். என் வீட்டுக்காரி மெதுவா திரும்பி என்னைப் பார்த்தா. நான் அண்ணாந்து பார்த்து, "டாக்டர், உங்க ஏசியில கேஸ் கம்மியா இருக்கு"ன்னேன்.

இப்படியே சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். போன மாசம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்றேன், வாண்டு கட்டில் மேல சம்மணம் போட்டு உக்காந்து, மூக்கை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு சுவத்துக் கடிகாரத்தையே முறைச்சுக்கிட்டு இருக்கா. "என்னடா பண்றே?"ன்னேன். பேசாதீங்கன்னு கையைக் காட்டினா. முகம் செவந்து, கண்ணு பிதுங்கி, ஒரே வெடியா இருமினா. அப்புறம் கீ கீ. ஓடிப் போய் பஃப் எடுத்துக் கொடுத்து முதுகைத் தடவி விட்டேன்.

"பதினொண்ணு எண்றதுக்குள்ள விட்டுடறேன்பா," என்றாள். "லீடர் முப்பது வரைக்கும் பிடிக்கிறா."

"எதுக்குடா பிடிக்கணும்?"

"மூக்கன் கத்தக் கூடாதுல்ல, அதுக்கு."

மூக்கன் யாருன்னு விசாரிச்சா, அது ஒரு பெட்டி. இந்த வருஷம் புதுசா வந்த கிளாஸ் டீச்சர், தன் தங்கச்சி ஆபீஸ்லேயிருந்து வாங்கிட்டு வந்தது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், முன்னாடி ஒரு நம்பர் ஓடும். ரூம்ல இருக்கறவங்க விட்ட மூச்சு வெளியே போகாம எவ்வளவு உள்ளேயே தங்கியிருக்குன்னு அந்த நம்பர் சொல்லும். ஆயிரத்தைத் தாண்டினா கீச்சுனு கத்தும். மூக்கன்னு பேர் வெச்சது பிள்ளைங்க. டீச்சர் நல்லெண்ணத்துல ஒரு போட்டி வெச்சிருக்காங்க: காலையிலேயிருந்து லன்ச் வரைக்கும் மூக்கன் கத்தாம இருந்தா ஒரு ஸ்டார். பத்து ஸ்டார் சேர்ந்தா ஒரு மத்தியானம் முழுக்க மைதானத்துல விளையாட்டு. இடைவேளையில கதவைத் திறந்து வைப்பாங்க, கொஞ்சம் வெளியே போய் நிப்பாங்கன்னு டீச்சர் நினைச்சிருக்காங்க. பிள்ளைங்க வேற கணக்கு போட்டுட்டாங்க. மூச்சு விட்டாத்தானே நம்பர் ஏறுது? அப்போ விடாம இருந்தா? மூணாங் கிளாஸ் கணக்குக்கு முழு மார்க்கே கொடுக்கலாம்.

"எத்தனை ஸ்டார் வாங்கியிருக்கீங்க?"

"முட்டை." வாண்டு போர்வை நூலைப் பிய்ச்சுக்கிட்டே சொன்னா. "என்னாலதான்பா. வீசிங் வந்தா எனக்கு வேக வேகமா மூச்சு வாங்குதுல்ல? நான் ரெண்டு பேர் மூச்சு விடறேனாம். மூக்கன் கத்தினா எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. உன்னாலதான் கத்துதுன்னு சொல்றாங்க." பிய்ச்ச நூலைச் சுருட்டி ஓரமா வெச்சா. "நாளையிலேயிருந்து நான் ஸ்கூலுக்குப் போகலப்பா. நான் இல்லாட்டி கத்தாது."

அழல. கோபப்படல. விடுகதைக்கு விடை கண்டுபிடிச்ச மாதிரி சொன்னா. எட்டு வயசுல ஒரு பிள்ளை, நான் மூச்சு விடறது மத்தவங்களுக்குத் தொந்தரவுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. இதுக்காப்பா பெத்து வளர்த்தோம்?

வீட்டுக்காரி எப்போ வந்தான்னு தெரியல. வாசப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டிருக்கா. பை தோள்ல தொங்குது. ஜன்னல் பக்கமே போகல. அதைப் பார்த்துத்தான் நான் நிஜமா பயந்தேன்.

"நாளைக்கு நீங்களே போய்ப் பேசுங்க," என்றாள். "நான் போனா பஸ்ஸோட உள்ள போயிடுவேன்."

மறுநாள் காலையில வாண்டுவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டுப் போனேன். "அந்த மூக்கனை இன்னைக்கு அப்பா ஒரு வழி பண்றேன், நீ வந்து வேடிக்கை பாரு"ன்னு சொன்னதுக்கப்புறம்தான் செருப்பையே போட்டா. தோள்ல டூல்ஸ் பை. அவளைக் கிளாஸுக்கு அனுப்பிட்டு, ஏசி சர்வீஸ்னு சொல்லி ஹெச்.எம் ரூம்ல கையெழுத்துப் போட்டுட்டு கிளாஸ் பக்கம் போனேன். அதுக்குள்ள முதல் பீரியட் ஆரம்பிச்சிருந்துச்சு. கதவுல சின்னதா ஒரு கண்ணாடி உண்டு. அது வழியா எட்டிப் பார்த்தேன்.

டீச்சர் போர்டு பக்கம் திரும்பி என்னமோ எழுதிக்கிட்டு இருந்தாங்க. முதுகுக்குப் பின்னாடி ஒரு பெரிய கம்பெனியே நடக்குது. ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பொண்ணு, அவதான் லீடர், முன் பெஞ்சுல திரும்பி உக்காந்து விரலைத் தூக்கிக் காட்டறா. ஒத்தை விரலைக் காட்டினா முதல் வரிசை கன்னத்தை உப்பிக்கிட்டு மூச்சைப் பிடிக்குது. ரெண்டு விரலைக் காட்டினா முதல் வரிசை புஸ்ஸுனு விடுது, ரெண்டாவது வரிசை பிடிக்குது. மூணு, நாலு, திரும்ப ஒண்ணு. அப்படி ஒரு ஒழுங்கு. சும்மா சொல்லக் கூடாது, என் கடையில நாலு பேரை வெச்சு என்னால இப்படி வேலை வாங்க முடிஞ்சதில்ல. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே வாண்டு எந்த வரிசையில இருக்கான்னு தேடினேன். எந்த வரிசையிலும் இல்ல.

வராண்டா கோடியில குழாய்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. பாட்டில்ல தண்ணி பிடிக்கிறா, கொட்டறா, திரும்பப் பிடிக்கிறா.

"தண்ணி குடிக்கப் போறேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்பா. நான் உள்ள இல்லாட்டி நம்பர் கம்மியா இருக்கும். லீடர் ஐடியா."

சிரிப்பெல்லாம் எங்கே போச்சுன்னு தெரியல. உச்சந்தலை வரைக்கும் சுர்ருனு ஏறிடுச்சு. அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, கதவைத் தள்ளித் திறந்து, "டீச்சர், எங்கே அந்த மூக்கன்?"னு போட்டேன் ஒரு சத்தம்.

டீச்சர் கையிலேயிருந்து சாக்பீஸ் விழுந்துச்சு. மேஜை மேல இருந்த பெட்டி கீச் கீச்சுனு கத்த ஆரம்பிச்சது. நான் போட்ட சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா நேரம் அப்படி அமைஞ்சுடுச்சு.

"அங்கிள், மெதுவா பேசுங்க," என்றாள் லீடர். "நம்பர் ஏறுது."

"அங்கிள் நாலு பேர் மூச்சு விடறார்," என்றது ஒரு பொடியன் குரல்.

"விடுவேன்டா, நாப்பது பேர் மூச்சு விடுவேன்," என்றேன் நான். ஒரு பொடிசோட சரிக்குச் சரி நிக்கறோமேன்னுகூடத் தோணல.

அப்புறம் குழாயடி விஷயத்தையும் விரல் விஷயத்தையும் டீச்சர்கிட்ட போட்டு உடைச்சேன். டீச்சர் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாங்க. மூச்சைப் பிடிச்சுக் காட்டச் சொன்னாங்க. லீடர் விரலைத் தூக்க, நாலு வரிசையும் வரிசையா உப்பி உப்பி அடங்க, டீச்சர் சிரிச்சாங்க, சிரிச்சு முடிக்கறதுக்குள்ள கண்ணு கலங்கிடுச்சு. வாண்டுவைப் பக்கத்துல இழுத்து அணைச்சுக்கிட்டாங்க.

"என் தப்புதான்," என்றார்கள். "ஜன்னலைத் திறக்கணும்னு ஹெச்.எம் மேடமுக்கு நம்பர் காட்டிப் புரிய வைக்கலாம்னுதான் இந்தப் பெட்டியைக் கொண்டு வந்தேன். மூச்சு விடறது தப்பில்ல கண்ணுங்களா. விட்ட மூச்சு வெளியே போகணும், புதுக் காத்து உள்ள வரணும். ஒருத்தருக்குச் சளி இருந்தா அவங்க விட்ட மூச்சையே எல்லாரும் இழுத்துக்கிட்டு இருக்கோம். அதனாலதான் மாத்தி மாத்தி இருமறோம்." என் பக்கம் திரும்பினாங்க. "ஆனா இங்க ஒரு ஜன்னல்கூட அசையல சார். எவனோ ஒரு புண்ணியவான் இண்டு இடுக்கு விடாம எதையோ அடிச்சு ஒட்டி வெச்சிருக்கான்." சுவத்துல இருந்த போர்டை நிமிர்ந்து படிச்சாங்க. "யாரு சார் இந்தக் கூலிங்? அந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

முப்பத்தெட்டு விரல் என்னைக் காட்டுச்சு. அதுல ஒண்ணு வாண்டு விரல்.

என் மூஞ்சியில ஈயாடல. டீச்சர் நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. நான் அசடு வழிஞ்சுக்கிட்டே, "ஃபில்டரை ஒரு தடவை பார்த்துடறேன்"னு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். ஏசி மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினா, அது மேல சாக்பீஸ் தூளும் முடியும் தூசும் சேர்ந்து கம்பளி மாதிரி படிஞ்சு கிடக்கு. வெளியே ஒரு கஸ்டமரோட ஏசி இப்படி இருந்தா அவரை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டிருப்பேன். எல்லாருக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்றவன், சும்மா செஞ்ச வேலைங்கறதால இந்தப் பக்கம் ஒரு வருஷமா எட்டிக்கூடப் பார்க்கல.

அந்த ஸ்டூல் மேல நின்னப்பதான் எனக்கு உறைச்சது. "இந்த ஏசி வெளிக்காத்தை உள்ள இழுக்காதுங்க, உள்ள இருக்கிற காத்தையேதான் சுத்திச் சுத்தி விடும்." இது நான் ஆயிரம் கஸ்டமருக்குச் சொன்ன வார்த்தை. ரூம்ல வாடை போகலன்னு யாராவது சொன்னா இதைத்தான் சொல்லுவேன். தொழில் தெரிஞ்சவன். தெரிஞ்சே முப்பத்தெட்டு பிள்ளைங்களை உள்ள வெச்சு சிலிக்கான் அடிச்சேன், டிஷ்யூ பேப்பர் அசையலன்னு கை தட்டும் வாங்கினேன். என் பொண்ணு விட்ட மூச்சுல ஒரு குத்தமும் இல்ல. அது வெளியே போற வழியை அடைச்சவன் நான்தான்.

அந்த நேரம் பார்த்து ஹெச்.எம் மேடம் வந்தாங்க. வந்ததும் வராததுமா, "கதவைச் சாத்துங்க, கூலிங் போயிடும்"னாங்க.

"போகட்டும் மேடம்," என்றேன்.

பதினாறு வருஷத்துல நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. அவங்க பேச்சுலயும் நியாயம் இல்லாம இல்ல. ரோட்டுப் பக்கம் திறந்தா பட்டறைத் தூசு, லாரி சத்தம். பின்பக்கம் திறந்தா கொசு. வெயில் வேற. "போன வருஷம் பேப்பரைப் பிடிச்சுக் காட்டினது நீங்கதானே? இப்போ திறக்கணும்னு சொல்றதும் நீங்களே. உங்க எந்தப் பேச்சை நான் நம்பறது?"ன்னாங்க. கடைசியில ஒரு கெடு வெச்சாங்க. சனிக்கிழமை நான் என்ன வேணும்னாலும் செஞ்சுக்கலாம். திங்கட்கிழமை லன்ச் வரைக்கும் அந்தப் பெட்டி ஒரு தடவைகூடக் கத்தக் கூடாது. கத்தினா எல்லாத்தையும் பழையபடி அடைச்சிடணும், பெட்டியும் இந்தப் பக்கம் வரக் கூடாது.

சரின்னு வாயைக் கொடுத்துட்டேன். வாண்டு என் சட்டையை இழுத்து, "கத்தினா அப்புறம் நான் வர மாட்டேன்பா"ன்னு காதுல சொன்னா. அப்பவும் மெதுவாதான் மூச்சு விட்டா.

சனிக்கிழமை காலையிலேயே போயிட்டேன். மைதானத்துப் பக்கம் இருந்த ரெண்டு ஜன்னலையும் பிளேடு வெச்சு அறுத்துத் திறந்தேன். யார் அடிச்ச சிலிக்கானோ, அப்படி ஒரு பிடி. அடிச்சவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே சுரண்டினேன். கொசு வராம ரெண்டுக்கும் வலை அடிச்சேன். பட்டறைப் பக்கத்து ஜன்னலை மூடினபடியே விட்டுட்டு, அதுக்கு மேல இருந்த வெண்டிலேட்டர்ல தெர்மகோலைப் பிய்ச்சுப் போட்டு ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். மரத்துப் பக்கத்துக் காத்து உள்ள வரணும், பிள்ளைங்க விட்டது மேல வழியா வெளியே போகணும். ஃபில்டரை அஞ்சு தண்ணி அலசினேன், அஞ்சாவது தண்ணிதான் தண்ணி நிறத்துல வந்துச்சு. எல்லாம் முடிஞ்சு சுவிட்சைப் போட்டுட்டு டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சு ஜன்னல் ஓரமா பிடிச்சேன். பேப்பர் என் கையை உதறிக்கிட்டு உள் பக்கமா பறந்துச்சு. கை தட்ட யாரும் இல்ல, நானே தட்டிக்கிட்டேன்.

டீச்சர் வெள்ளிக்கிழமையே மூக்கனை என்கிட்ட கொடுத்து அனுப்பியிருந்தாங்க. "வீட்டுலயும் வெச்சுப் பாருங்க சார்"னு சொல்லும்போது ஒரு சிரிப்பு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு மூணு பேரும் பெட்ரூம்ல படுத்தோம். கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி, ஏசி ஓடுது. பீரோ மேல மூக்கன். ஒரு மணி நேரம்கூட ஆகல, கீச்சுன்னுச்சு. வீட்டுக்காரி அசையல. நான் பூனை மாதிரி எழுந்து போய், கொக்கியைச் சத்தமில்லாம எடுத்து, ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து வெச்சேன். கத்தல் நின்னுச்சு.

கண்ணைத் திறக்காமலே வீட்டுக்காரி, "ரைட், போலாம்"னா.

அன்னைக்குச் சாயங்காலம் சமையல் பண்ணும்போது அடுப்படியிலயும் கத்துச்சு. அங்கே இருக்கிற ஃபேன் ஓட்டையில கூலிங் போகக் கூடாதுன்னு பழைய சட்டையைத் திணிச்சு வெச்சதும் அடியேன்தான். அதையும் உருவினேன். ஒரு வருஷமா தேடின நீலச் சட்டை.

திங்கட்கிழமை. லன்ச்சுக்கு முந்தின பீரியட் வரைக்கும் மூக்கன் கத்தல. வீட்டுக்காரி ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல யூனிஃபார்மோட வந்து நின்னா. ஹெச்.எம் மேடம் மூக்கனுக்கு எதிர்லயே நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாங்க. நான் கதவோரமா நின்னேன். வாண்டு மூணாவது வரிசையில, கையைக் கட்டிக்கிட்டு, உதட்டை இறுக்கிக்கிட்டு இருந்தா.

டீச்சர் எழுந்து நின்னு சொன்னாங்க: "இன்னைக்கு யாரும் மூச்சைப் பிடிக்கக் கூடாது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு மூச்சு விடுங்க. ஆடுங்க, பாடுங்க, குதிங்க. ஒண்ணே ஒண்ணு, மூக்கன் பக்கத்துல போய் ஊதக் கூடாது. லன்ச் வரைக்கும் அவனைக் கத்த வைக்க முடியலன்னா பத்து ஸ்டாரும் மொத்தமா உங்களுக்கு."

நான் டீச்சர்கிட்ட ஓடினேன். "டீச்சர், பேசாம பாடம் நடத்தினா போதாதா?"ன்னு கிசுகிசுத்தேன்.

"பயமா இருந்தா இப்பவே போய் சிலிக்கான் எடுத்துட்டு வாங்க," என்றார்கள் டீச்சர்.

வீட்டுக்காரி பையிலேயிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினா. அவ்வளவுதான், ரூம் இடிஞ்சு விழற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு வாரமா அடக்கி வெச்ச மூச்சையெல்லாம் சேர்த்து விட்டுதுங்க. லீடர் பெஞ்சு மேல ஏறி நின்னு இந்தத் தடவை பத்து விரலையும் தூக்கிக் காட்டறா. ஒரு வரிசை வாய்ப்பாட்டைக் கத்துது, ஒரு வரிசை குதிக்குது, ஒரு பொடியன் காரணமே இல்லாம கொக்கரிக்கிறான். முதல்ல ஐநூத்து இருபது. அப்புறம் அறுநூத்திச் சொச்சம். எழுநூறு. டீச்சரே ஆட ஆரம்பிச்சுட்டாங்க. வீட்டுக்காரி "உள்ள போ, உள்ள போ, இடம் இருக்குல்ல"ன்னு பஸ்ல சொல்றதையே சொல்லிக்கிட்டு நடுவுல புகுந்து குதிக்கிறா. எண்ணூத்து நாப்பது. மேல ரெண்டு ஃபேனும் சுத்துது, ஜன்னல் வலை உள் பக்கமா உப்பிக்கிட்டு நிக்குது. எண்ணூத்துத் தொண்ணூறு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுச்சு. அப்புறம் தொள்ளாயிரத்துப் பத்து. ஹெச்.எம் மேடம் நாற்காலி நுனிக்கு வந்துட்டாங்க.

யாரோ என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. பார்த்தா வாண்டு.

"அப்பா, மூச்சு விடுங்க," என்றாள்.

அப்பதான் தெரிஞ்சுது, நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுருக்கேன். புஸ்ஸுனு விட்டேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிச்சுட்டுக் கூட்டத்துக்குள்ள போனவ, வாயைத் திறந்து ஒரு பாட்டு பாடினா பாருங்க, பாட்டுன்னா சொல்லிட முடியாது, ஆனா நெஞ்சு நிறைய இழுத்துப் பாடினா. நடுவுல ஒரு தடவை நின்னு பஃப் எடுத்துக்கிட்டா, திரும்பப் போய்ச் சேர்ந்துக்கிட்டா. யாரும் அவளைப் பார்க்கல. எல்லாருக்கும் அவங்கவங்க மூச்சு விடற வேலையே தலைக்கு மேல இருந்துச்சு.

தொள்ளாயிரத்து முப்பது. அதுக்கு மேல அது போகல. தலைகீழா நின்னும் போகல, நிஜமாவே ஒருத்தன் நின்னு பார்த்தான். லன்ச் பெல் அடிச்சது.

ரூம் முழுக்க ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவுல வாண்டு மட்டும் நேரா மேஜைக்குப் போனா. மூக்கனை ரெண்டு கையாலயும் எடுத்து முகத்துக்கு எதிர்ல பிடிச்சா. நல்லா ஒரு மூச்சு இழுத்து, ஹான்னு அது மேலயே விட்டா.

கீச் கீச்சுனு கத்துச்சு.

கூச்சல் டக்குனு நின்னு போச்சு. பழைய பழக்கம், எல்லாத் தலையும் அவ பக்கம் திரும்புச்சு. வீட்டுக்காரி விசிலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"ஆமா," என்றாள் வாண்டு. "என்னாலதான்."

சொல்லிட்டுப் பெட்டியைக் கீழ வெச்சு, கையைக் கட்டிக்கிட்டு, அது கத்தி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னா. நம்பர் இறங்கிச்சு, இறங்கிச்சு, ரெண்டு நிமிஷத்துல சத்தமே இல்ல. லீடர்தான் முதல்ல வந்தா. "எனக்கும் எப்படின்னு காட்டு"ன்னா. வாண்டு பெட்டியை எடுத்து அவ முகத்துக்கு நேரா பிடிச்சா. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து மொத்தக் கிளாஸும் லைன்ல நின்னுடுச்சு, மூக்கனைக் கத்த வைக்க. வீட்டுக்காரி நின்னா, டீச்சர் நின்னாங்க. கடைசியில ஹெச்.எம் மேடமும் எழுந்து வந்து நின்னாங்க, முகத்தை ரொம்பக் கடுமையா வெச்சுக்கிட்டு.

லைன் கதவைத் தாண்டி வராண்டா வரைக்கும் போச்சு. நான் கதவு சாத்திக்காம பிடிச்சுக்கிட்டு நின்னேன்.